பழைய செம்பு விலைக்குப் போன பாட்டுகள்

கையிருப்புச் சரக்கை எந்த விலைக்குக் கணக்கில் காட்ட வேண்டும்? அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அந்த விலைக்கு. வணிகவியல் படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே மனப்பாடம் ஆகிவிடுகிற விதி இது. சரக்கு விற்கவில்லையா, மதிப்பைக் குறை. யாருமே கேட்கவில்லையா, தள்ளுபடி எழுதிவிட்டுப் பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டுவிடு.

நாற்காலிக்கு இந்த விதி சரி. பாட்டுக்குச் சரியா?

அமெரிக்காவில் ஒரு கம்பெனி உண்மையிலேயே நாற்காலியும் செய்தது, பாட்டும் விற்றது. இரண்டுக்கும் ஒரே விதியைத்தான் பயன்படுத்தியது. அதனால் தொலைந்துபோன பாட்டுகளைத் திரும்பப் பிடிக்கச் சிலர் ஆயுளையே செலவழித்தார்கள். இன்று ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ் மறுவெளியீட்டுத் தொகுப்புகள் என்று அலமாரி அலமாரியாகச் சேர்க்கப்படுபவை எல்லாம் அந்த உழைப்பின் பலன்தான்.

நாற்காலிக் கம்பெனியும் கறுப்பர் இசையும்

விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட் வாஷிங்டன் என்ற ஊரில் இருந்தது விஸ்கான்சின் சேர் கம்பெனி. கிராமபோனுக்கு மரப்பெட்டி செய்துகொடுத்தவர்கள், பிறகு தாங்களே கிராமபோனும் விற்கத் தொடங்கினார்கள். பெட்டி வாங்குகிறவருக்குப் போட்டுக் கேட்கத் தட்டு வேண்டுமே! அப்படிப் பிறந்ததுதான் பாரமவுண்ட் ரெக்கார்ட்ஸ். (சினிமா பாரமவுண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

1920ல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓக்கே கம்பெனிக்காகப் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே அவர்களுக்கென்று தனி வரிசை தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள். 1922ல் பாரமவுண்டும் இந்தச் சந்தையில் இறங்கியது. மா ரெய்னி, பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், சார்லி பாட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் என்று ப்ளூஸ் வரலாற்றின் பெரிய பெயர்கள் பலவும் இந்த நாற்காலிக் கம்பெனிக்காகப் பாடியவைதான்.

பாடியவர்களுக்குக் கிடைத்தது என்ன? பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொஞ்சம் பணம், அத்தோடு சரி. ராயல்டி என்பது பெரும்பாலானவர்கள் கேள்விப்படாத சொல். பாட்டின் உரிமையும் பல சமயம் கம்பெனியின் பதிப்பகத்துக்கே போனது.

1929ல் பங்குச்சந்தை சரிந்தது. தட்டு விற்பனை படுத்தே விட்டது. 1932ல் பாரமவுண்ட் ஒலிப்பதிவை நிறுத்தியது, அடுத்த சில ஆண்டுகளில் கடையையே மூடியது. தட்டு அச்சடிக்கப் பயன்பட்ட உலோக மாஸ்டர்களில் பெரும்பகுதி பழைய செம்பு, பழைய உலோகம் என்ற விலைக்குப் போனதாகத்தான் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். வேலை போன கோபத்தில் தொழிலாளர்கள் தட்டுகளை மில்வாக்கி ஆற்றில் வீசினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. பிற்காலத்தில் ஆற்றில் ஆள் இறக்கித் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை.

கணக்குப்படி கம்பெனி செய்ததில் தவறே இல்லை. விற்காத சரக்கு, கழித்துவிட்டார்கள். ஆனால் மாஸ்டர் போனபின் அந்தப் பாட்டுக்கு மிச்சம் இருந்தது ஏழைக் குடும்பங்கள் முக்கால் டாலர் கொடுத்து வாங்கி, ஊசி தேயத் தேயக் கேட்ட தட்டுகள் மட்டும்தான்.

அவற்றுக்கும் ஆபத்து வந்தது. 78 ஆர்.பி.எம். தட்டின் முக்கிய மூலப்பொருள் அரக்கு. அந்த அரக்கில் பெரும்பகுதி போனது இந்தியாவில் இருந்து. சோட்டா நாக்பூர் பகுதியின் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பாட்டாகச் சுழன்றது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து தடைபட்டது, ராணுவத்துக்கும் அரக்கு தேவைப்பட்டது. 1942ல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்கு பயன்படுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. விளைவு, பழைய தட்டுகளை வீடு வீடாக வாங்கி, அரைத்து, புதுத் தட்டு செய்தார்கள். ஒருவருடைய குரலை அரைத்து இன்னொருவருடைய குரலை வார்த்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

கதவைத் தட்டியவர்கள்

இப்படித் தப்பிப் பிழைத்ததைத் தேடிப் போனவர்கள் பேராசிரியர்கள் அல்ல, தட்டு சேர்க்கும் பைத்தியம் பிடித்தவர்கள். நியூயார்க் புரூக்ளினில் ஒய்.எம்.சி.ஏ. விடுதியின் சிறிய அறையில் வாழ்ந்த ஜேம்ஸ் மெக்யூன் அவர்களில் மூத்தவர். 1944ல் அவர் கையில் ஒரு சார்லி பாட்டன் தட்டு கிடைத்தது. அன்றைக்கு ஜாஸ் தட்டு சேர்ப்பவர்கள் கிராமத்து ப்ளூஸைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். மெக்யூனிடம் இருந்தவை சில நூறு தட்டுகள்தான். ஆனால் அந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த அவரது நண்பர்கள் வட்டம்தான் பிற்காலத்தில் மறுவெளியீடுகளின் போக்கைத் தீர்மானித்தது.

தெற்கு மாநிலங்களில் வேறு முறை. மிசிசிப்பியில் கேல் டீன் வார்ட்லோ பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். கறுப்பின மக்கள் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போகிறபோதே பழைய தட்டு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வார். பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்தவை ஒன்றிரண்டு டாலருக்கு வெளியே வந்தன. இதே வார்ட்லோதான் 1968ல் ராபர்ட் ஜான்சனின் இறப்புச் சான்றிதழையும் கண்டுபிடித்தார்.

1948ல் எல்.பி. வந்திருந்தது. பக்கத்துக்கு 3 நிமிடம் ஓடிய இடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் தட்டு. தனித்தனித் தட்டுகளை ஒன்றாகக் கோத்துத் தொகுப்பு போட வழி பிறந்தது. 1952ல் ஹாரி ஸ்மித் என்பவர் தன் சேகரிப்பில் இருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து 6 எல்.பி.க்களாகத் தொகுத்தார். ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்' அதுதான். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று எங்கேயும் குறிப்பிடாமல் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தார். நிறப்பிரிவினை சட்டமாக இருந்த காலத்தில் இது சாதாரண விஷயமல்ல.

1959ல் சாமுவேல் சார்ட்டர்ஸ் 'தி கன்ட்ரி ப்ளூஸ்' என்ற புத்தகத்தையும் அதே பெயரில் ஒரு எல்.பி.யையும் கொண்டுவந்தார். அவருடைய தேர்வு மெக்யூன் வட்டத்துக்குப் பிடிக்கவில்லை. பதிலுக்கு 1960ல் அந்த வட்டத்தினர் ஒரிஜின் ஜாஸ் லைப்ரரி என்ற குட்டி லேபிள் தொடங்கினார்கள். முதல் வெளியீடே சார்லி பாட்டன்! ஒரு தொகுப்புக்கு மறுப்பு இன்னொரு தொகுப்பு. பத்திரிகையில் கட்டுரைக்கு எதிர்க்கட்டுரை எழுதுவது போல இவர்கள் எல்.பி. போட்டுச் சண்டை போட்டார்கள்.

1961ல் கொலம்பியா ராபர்ட் ஜான்சனின் 16 பாட்டுகளை எல்.பி.யாக வெளியிட்டது. 1936ல் சான் அன்டோனியோ, 1937ல் டல்லாஸ் என்று மொத்தமே ஐந்து நாள் ஒலிப்பதிவு, 29 பாட்டுகள். 1938ல் 27 வயதில் ஜான்சன் இறந்துபோனார். அவர் பாடிக்கொடுத்த கம்பெனியின் சொத்து பிற்பாடு கொலம்பியா வசம் வந்து சேர்ந்ததால்தான் இதுவும் சாத்தியமானது. உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு பாட்டுதான் ஓரளவு விற்றது. ஆனால் இந்த எல்.பி. கடல் கடந்து கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளாப்டன் போன்ற ஆங்கிலேய இளைஞர்கள் கைக்குப் போனது. மீதியை ராக் இசை ரசிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990ல் அவருடைய 41 பதிவுகளும் அடங்கிய பெட்டி வந்தபோது பத்து லட்சத்துக்கு மேல் விற்று, கிராமி விருதும் வாங்கியது. 1938ல் எந்தக் கணக்காளராவது இதை 'சந்தை விலை'யில் சேர்த்திருப்பாரா?

மறுவெளியீடு ஆளையே திரும்பக் கொண்டுவந்ததும் உண்டு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928ல் பாடிவிட்டு ஊருக்குத் திரும்பியவர், அதோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஹாரி ஸ்மித்தின் தொகுப்பில் அவருடைய இரண்டு பாட்டுகள் இருந்தன. ஹர்ட்டின் வேறொரு பாட்டில் அவலான் என்று சொந்த ஊர்ப் பெயர் வருவதைக் கவனித்த டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர், பழைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப் பிடித்து 1963ல் நேரே அங்கே போய் நின்றார். ஹர்ட் இருந்தார்! எழுபது வயதில், பண்ணை வேலை செய்துகொண்டு. அதே ஆண்டு நியூபோர்ட் இசை விழாவில் பாடினார். 1966ல் இறக்கும்வரை மூன்று ஆண்டுகள், முப்பத்தைந்து வருடத்துக்கு முன் வரவேண்டிய கைதட்டலைக் கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்றுவிடாமல் சேர்ப்பது எப்படி?

தொகுப்பு சேர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. நல்லதை மட்டும் பொறுக்கிக் கேட்போம் என்பது ஒரு கட்சி. அவர்களுக்கு உகந்தது 1960களின் பிற்பகுதியில் நிக் பெர்ல்ஸ் நியூயார்க்கில் தொடங்கிய யாசூ லேபிள். நல்ல பிரதி, நல்ல ஒலி, நல்ல தேர்வு.

இன்னொரு கட்சிக்கு எல்லாமே வேண்டும். அவர்களுக்கு வேதநூல் காட்ரிச், டிக்சன் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1960களில் வெளியிட்ட ப்ளூஸ், காஸ்பல் இசைத்தட்டுகளின் அட்டவணை. எந்தத் தேதியில், எந்த ஊரில், யார் யார் வாசித்தார்கள், மாஸ்டரின் எண் என்ன என்று அத்தனையும் அதில் உண்டு. (இந்த டிக்சன்தான் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற மொழியியல் அறிஞர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன்!) அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு, கிடைக்கிற ஒவ்வொரு பாட்டையும் தேதி வரிசையில் வெளியிட்டே தீருவது என்று கிளம்பியவர் வியன்னாவைச் சேர்ந்த ஜானி பார்த். 1980களில் அவர் தொடங்கிய டாக்குமெண்ட் லேபிளில் சி.டி.க்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. இரண்டே பாட்டு பாடியவருக்கும் இடம் உண்டு. தேய்ந்துபோய் கரகரவென்று இரைகிற தட்டுக்கும் இடம் உண்டு. அமெரிக்காவின் எந்தப் பெரிய கம்பெனியும் இதைச் செய்திருக்காது, லாபமே வராது. செய்தது ஓர் ஆஸ்திரியர்.

பழைய தட்டை சி.டி.யாக மாற்றுவதும் சும்மா போட்டுப் பதிவது அல்ல. பள்ளத்தில் தேயாத பகுதியைத் தொடுவதற்குப் பல அளவு ஊசிகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். 78 என்று பெயர் இருந்தாலும் எல்லாத் தட்டும் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் கொஞ்சம் பிசகினாலும் குரலும் சுருதியும் மாறிவிடும். இரைச்சலை அளவுக்கு மீறி வடிகட்டினால் பாடுகிறவரின் மூச்சும் சேர்ந்து போய்விடும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இங்கிலாந்தின் ஜான் ஆர்.டி. டேவிஸ், நாடாவில் 'டிக்' என்று சத்தம் வரும் இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டி எடுப்பாராம். ஒரே பாட்டு ஐந்து தொகுப்பில் இருந்தும் சேகரிப்பாளர்கள் ஐந்தையும் வாங்குவது இதனால்தான். பாட்டு ஒன்றுதான், கேட்கிற குரல் ஐந்து.

போருக்குப் பிந்தைய கதை

1949ல் பில்போர்டு பத்திரிகை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற பட்டியல் பெயரை மாற்றியது. அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் சொன்ன புதுப்பெயர், ரிதம் அண்ட் ப்ளூஸ். சின்சினாட்டியில் கிங், நியூயார்க்கில் அட்லாண்டிக், சிகாகோவில் செஸ், லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்பெஷால்டி என்று சின்னச் சின்ன லேபிள்கள்தான் இந்த இசையை வளர்த்தன.

இதைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஜெர்மனியின் பேர் ஃபேமிலி வெளியிட்ட 'ப்ளோயிங் த ஃப்யூஸ்' வரிசை நல்ல தொடக்கம். 1945 முதல் 1960 வரை ஆண்டுக்கு ஒரு சி.டி., மொத்தம் 16. வரிசையாகக் கேட்டால் சாக்ஸபோன் துள்ளலில் தொடங்கி, எலெக்ட்ரிக் கிடார் நுழைந்து, குரல் குழுக்கள் பெருகி, 1950களின் நடுவில் தாளம் முறுக்கேறுவது காதிலேயே தெரியும். ராக் அண்ட் ரோல் எல்விஸோடு வானத்தில் இருந்து குதிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் இந்த இடத்தில்தான் சங்கடமான கேள்வி வருகிறது. இந்தத் தொகுப்புகள் விற்ற பணம் யாருக்குப் போனது?

ரூத் பிரவுன் 1950களில் அட்லாண்டிக்கைத் தூக்கி நிறுத்திய பாடகி. 'ரூத் கட்டிய வீடு' என்றே அந்தக் கம்பெனிக்குச் செல்லப்பெயர். 1960களில் மவுசு போனபின் வீட்டு வேலை செய்தும் பஸ் ஓட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய பழைய பாட்டுகள் மறுவெளியீடாக விற்றுக்கொண்டிருந்தன, அவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. காரணம், கணக்கு! ஒலிப்பதிவுச் செலவெல்லாம் பாடகர் பெயரில் பற்று எழுதப்படும். குறைந்த ராயல்டியில் அந்தக் கடன் அடையவே அடையாது. 1980களில் ரசிகராக வந்து பழைய எல்.பி.க்களில் கையெழுத்து கேட்ட ஹவல் பெகிள் என்ற வழக்கறிஞர், அவருக்கு ராயல்டியே வருவதில்லை என்று தெரிந்து வழக்கைக் கையில் எடுத்தார். பல வருடப் போராட்டத்துக்குப் பின் 1988ல் அட்லாண்டிக் அவரையும் வேறு சில பாடகர்களையும் பழைய பற்றில் இருந்து விடுவித்து, ராயல்டி கொடுக்க ஒப்புக்கொண்டது. முதுமையில் வாடிய கலைஞர்களுக்கு உதவ ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷனும் உருவானது. ஒரு சேகரிப்பாளரின் ஆசை ஒரு பாடகியின் நியாயமாக மாறியது அபூர்வம். பெரும்பாலானவர்களுக்கு அப்படி யாரும் வரவில்லை.

சட்டமும் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. ஐரோப்பாவில் வெகுகாலம் ஒலிப்பதிவு உரிமை 50 ஆண்டுதான். 2011ல் அதை 70 ஆக்கினாலும், 1963க்கு முந்தையவை பொதுச்சொத்தாகவே நீடித்தன. அதனால்தான் அங்கே இவ்வளவு தொகுப்புகள். நல்ல லேபிள்கள் உரிமம் வாங்கியும் வெளியிட்டன. சிலர் மற்றவர் உழைத்துச் சுத்தம் செய்த ஒலியையே நகலெடுத்து மலிவாக விற்றார்கள். இரண்டாவது வகையில் பாடகர் குடும்பத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. அமெரிக்காவிலோ நேர் எதிர், உரிமை முடியவே முடியாது போல நீண்டது. 2005ல் டிம் புரூக்ஸ் செய்த ஆய்வின்படி, 1890 முதல் 1964 வரையிலான வரலாற்று முக்கியத்துவம் உள்ள பதிவுகளில் உரிமைக்காரர்களே சந்தையில் கிடைக்கச் செய்தது 14 சதவீதம். உரிமை இல்லாத மற்றவர்கள் வெளியிட்டது 22 சதவீதம். பூட்டி வைத்திருப்பவர் கையில் சாவி, பாட்டு மட்டும் கிடையாது! 2018ல் வந்த சட்டம் நிலைமையைக் கொஞ்சம் மாற்றியது. 1923க்கு முந்தைய பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தாயின. அந்தச் சட்டப்படி சார்லி பாட்டன் 1929ல் வெளியிட்ட தட்டுகளின் முறை 2030ல்தான். அவர் இறந்தது 1934ல்.

மாஸ்டர் வைத்திருப்பவர் பத்திரமாகக் காப்பார் என்றும் சொல்ல முடியாது. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டூடியோவில் நடந்த தீ விபத்தில் செஸ் லேபிளின் மாஸ்டர்கள் உட்பட ஏராளமானவை எரிந்துபோனதாக 2019ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இழப்பு அவ்வளவு இல்லை என்றது கம்பெனி. எப்படியானாலும், நல்ல காலத்தில் எடுக்கப்பட்ட மறுவெளியீடுகளின் மதிப்பு அன்று எல்லோருக்கும் புரிந்தது.

சேகரிப்பாளர்களும் குற்றம் இல்லாதவர்கள் அல்ல. தனியாகக் கிடார் மீட்டிக் கதறும் கிராமத்து ஆணின் குரல் அவர்களுக்குப் பிடித்தது. அதைத்தான் தேடினார்கள், அதையே 'உண்மையான ப்ளூஸ்' என்று எழுதினார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கறுப்பின மக்கள் வரிசையில் நின்று வாங்கியது பெஸ்ஸி ஸ்மித்தை, பியானோவோடு மெல்லப் பாடிய லீராய் காரை, பிறகு லூயிஸ் ஜோர்டனை. அரிதாகக் கிடைப்பதுதான் உயர்ந்தது என்ற எண்ணம் வரலாற்றையே கொஞ்சம் சாய்த்துவிட்டது. டாக்குமெண்ட் போல ஒன்றுவிடாமல் வெளியிட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய காரணம் இதுவும்தான். எது முக்கியம் என்பதை அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை.

2005ல் ஓர் அதிசயம் நடந்தது. சன் ஹவுஸ் 1930ல் பாரமவுண்டுக்காகப் பாடிய 'கிளார்க்ஸ்டேல் மோன்' தட்டு, எழுபத்தைந்து ஆண்டுகளாக யாரும் கேட்டிராதது, ஒரே ஒரு பிரதி அகப்பட்டது. மறு ஆண்டே யாசூ அதை ஒரு தொகுப்பில் சேர்த்து வெளியிட, உலகம் முழுவதும் கேட்டது. அதே 1930ல் அவருடைய நண்பர் வில்லி பிரவுன் பாடிய ஒரு தட்டும் உண்டு. பாரமவுண்ட் எண் 13099. அட்டவணையில் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, தட்டு மட்டும் இல்லை. ஒரு பிரதிகூட இருப்பதாக யாருக்கும் தெரியாது.

நாற்காலிக் கம்பெனியின் கணக்கில் அதன் மதிப்பு சில சென்ட் பழைய உலோகம். இன்று அந்த எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பழைய பொருள் கடைகளில் குனிந்து தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைத்தால் பணக்காரர் ஆகலாம் என்பது உண்மைதான். ஆனால் அது சி.டி.யில் வந்து, கேட்க விரும்பும் எல்லோர் காதிலும் விழுகிற நாளில்தான் அந்தக் கணக்கு நேராகும். வில்லி பிரவுனுக்குச் சேர வேண்டிய கூலி மட்டும் அப்போதும் பாக்கிதான்.